இடது சீட்டில் ஓர் அரிசி மூட்டை

போன மாதம் ஒரு வியாழக்கிழமை. கிள்ளிப்பாலம் சிக்னலில் நின்றுகொண்டிருந்தேன். காரின் கூரை திறந்திருந்தது. பக்கத்து சீட்டில் ஓர் அரிசி மூட்டை. அதற்கு சீட் பெல்ட் போட்டிருந்தேன்.

பக்கத்தில் வந்து நின்ற ஆட்டோக்காரர் மூட்டையைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். மறுபடியும் மூட்டையைப் பார்த்தார்.

"அண்ணாச்சி... சேச்சி எவிடே?" என்றார். என் மனைவியைத்தான் கேட்கிறார்.

என்னைத் தெரிந்தவர்தான். திருவனந்தபுரத்தில் என்னைத் தெரியாத ஆட்டோக்காரர் யார் இருக்கிறார்? ஆரியசாலையில் பலசரக்கு மொத்த வியாபாரம். மூன்று குடோன். வள்ளியூர் பக்கத்திலிருந்து மாற்றுத் துணிகூட இல்லாமல் வந்து, இதே தெருவில் மூட்டை சுமந்து, இதே தெருவில் முதலாளி ஆனவன். நாலாம் கிளாஸோடு சரி. இதையெல்லாம் பத்திரிகையின் இந்தப் பக்கத்தில் பலமுறை எழுதிவிட்டேன். புது வாசகர்களுக்காக இன்னொரு தடவை. பழைய வாசகர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்... அவர்களுக்குப் பழக்கம்தானே?

ஆட்டோக்காரருக்குப் பதில் சொல்வதற்குள் பச்சை விழுந்துவிட்டது. அந்தப் பதிலைத்தான் இங்கே எழுதுகிறேன். கொஞ்சம் நீளமான பதில்.

என்னிடம் இருப்பது ஸ்போர்ட்ஸ் கார். இரண்டே சீட். கூரையை மடக்கினால் வானம். தரையிலிருந்து ஒரு சாண் உயரம்தான் இருக்கும். ஏறுவது என்று சொல்ல முடியாது, இறங்கித்தான் உட்கார வேண்டும். கல்ஃபிலிருந்து திரும்பி வந்த ஒரு பல் டாக்டர் வைத்திருந்தார். அவருக்கு முதுகுவலி வந்தது, எனக்குக் கார் வந்தது. வயது இருபது தாண்டிவிட்டது. மனிதனுக்கு அது கல்யாண வயது. ஸ்போர்ட்ஸ் காருக்கு முட்டி வலிக்கும் வயது.

தினமும் சாயந்திரம் கடையை அடைத்ததும் நேரே கரமனையில் இருக்கும் வீட்டுக்குப் போவேன். என் மனைவி பகவதி தலை வாரி, பூ வைத்து, தயாராக நிற்பாள். இரண்டு பேரும் சங்குமுகம் கடற்கரைக்கு ஒரு ரவுண்டு. பிள்ளைகள் மூன்று பேரும் மூன்று ஊரில். நாள் முழுக்க நான் வியாபாரிகளோடு கத்துகிறேன், அவள் டிவியோடு கத்துகிறாள். நாங்கள் இருவரும் பக்கத்தில் பக்கத்தில் உட்காருவது அந்த ஒரு மணி நேரம்தான். மூன்றாவது ஆள் உட்கார இடமே இல்லாத வண்டி என்பது எவ்வளவு பெரிய வசதி என்று குடும்பஸ்தர்களுக்குத் தெரியும்.

அந்த ஒரு மணி நேரத்துக்குத்தான் ஆபத்து வந்தது.

இடது பின்பக்கம். பள்ளத்தில் விழுந்தால் 'டொங்'. வேகத்தடையில் இறங்கினால் 'டொங்'. இரும்பும் இரும்பும் முத்தம் கொடுத்துக்கொள்வதுபோல ஒரு சத்தம்.

"என்னவாக்கும் இது? அடியில ஒரு ஆளு இருந்து கதவத் தட்டுகது மாதிரி இருக்கு" என்றாள் பகவதி.

"ரோடு சரியில்ல."

"ரோடு எனக்க முதுகுக்குக் கீழயா இருக்கு?"

மறுநாள் காலையில் பாப்பனம்கோட்டில் இருக்கும் பிஜுவின் ஒர்க்ஷாப்புக்குப் போனேன். பிஜு மலையாளி. என்னிடம் மட்டும் தமிழ் பேசுவான். அது தமிழ் என்பது அவனுடைய நம்பிக்கை. ஒல்லியான ஆள். காரை லிஃப்டில் தூக்கினான். பின் சக்கரங்களைப் பிடித்து ஆட்டினான். கம்பி போட்டு நெம்பினான். எல்லாம் இறுக்கமாக இருந்தது. பிறகு நான் ஓட்ட, அவன் பக்கத்தில் உட்கார்ந்து காது கொடுத்தான். கரமனைப் பாலம் வரை போய் வந்தோம். பள்ளம் பள்ளமாகத் தேடி இறக்கினேன்.

சத்தம் இல்லை.

"ஒரு குழப்பமும் இல்லா அண்ணாச்சி. வண்டி பக்காயாணு."

"நேத்து கேட்டுதே?"

"நேத்து கேட்டது இன்னு எனக்குக் கேக்காது" என்றான். நியாயம்தான்.

சாயந்திரம் பெருமையாக வீட்டு வாசலில் ஹார்ன் அடித்தேன். "சரியாச்சு, வா." பகவதி உட்கார்ந்தாள். தெருமுனை திரும்பவில்லை...

டொங்.

அவள் என்னைப் பார்த்த பார்வையை நான் எழுதப் போவதில்லை.

மறுநாள் பிஜு தானே ஓட்டிப் பார்த்தான். சத்தம் இல்லை. நான் தனியாக ஓட்டினேன். சத்தம் இல்லை. பகவதி ஏறினாள். டொங். பிஜு சந்தேகத்தில் பின்பக்கத்து லிங்க் ராடை மாற்றினான், புஷ் ரப்பர்களை மாற்றினான். நானும் அவனும் போனோம். வண்டி பூனைபோல நடந்தது. பகவதி ஏறினாள். டொங்.

டாக்டர் முன்னால் உட்கார்ந்ததும் இருமல் நின்றுவிடும், கவனித்திருக்கிறீர்களா? அந்த மாதிரி. என் கார் என் மனைவியிடம் மட்டும் பேசியது.

மூன்றாம் தடவை அவள் பாதி வழியில் நிறுத்தச் சொன்னாள். இறங்கினாள். "ரோட்டுல எல்லாரும் திரும்பிப் பாக்காவ. இந்தச் சத்தம் நிக்காம நான் இனி ஏற மாட்டேன், பாத்துக்கிடுங்க" என்று ஓர் ஆட்டோவைக் கைகாட்டி நிறுத்தி வீட்டுக்குப் போய்விட்டாள். நான் ஆட்டோவுக்குப் பின்னாலேயே ஸ்போர்ட்ஸ் காரில் மெதுவாகப் போனேன். ஆரியசாலையில் தலை நிமிர்ந்து நடப்பவன் நான்.

இத்தோடு நின்றிருந்தால்கூட சமாளித்திருப்பேன். அடுத்த ஞாயிற்றுக்கிழமை நாகர்கோவிலில் பால்காய்ப்பு. பகவதியின் அக்கா மகன் புது வீடு கட்டியிருக்கிறான். சொந்தம் முழுக்க வரும். அப்போதுதான் என் மச்சினன் சுயம்பு போன் பண்ணினான். பகவதியின் தம்பி. வலியசாலையில் இருக்கிறான். சமீபத்தில் பேட்டரி கார் வாங்கியிருக்கிறான். வெள்ளை நிறம். துளி சத்தம் கிடையாது. அவனும் அப்படித்தான், எதிரே வந்து நிற்கும்வரை வந்தது தெரியாது.

"அத்தான், அக்காவ நான் கூட்டிட்டுப் போறேன். உங்க வண்டி பாவம், வயசாச்சுல்லா" என்றான்.

'பாவம்' என்றான். கேட்டீர்களா?

என் மனைவி, சொந்தக்காரர்கள் எல்லாரும் வாசலில் நிற்கும்போது, தம்பி காரிலிருந்து இறங்குவாள். நான் பின்னால் தனியாக, இரண்டு சீட் காரில், ஒரு சீட் காலியாக வந்து இறங்குவேன். ஒரு மாமாவாவது 'ரெண்டு பேருக்கும் ஏதும் பிரச்சினையோ?' என்று கேட்காமல் விடுவாரா? ஞாயிற்றுக்கிழமைக்குள் அந்தச் சத்தம் சாக வேண்டும். இல்லையென்றால் என் மானம் சாகும்.

கடையில் உட்கார்ந்து யோசித்தேன். எனக்கு இருப்பது வியாபார மூளை. எதிரே மூட்டை இறங்கிக்கொண்டிருந்தது. பழைய லாரி ஒன்று. சரக்கோடு வரும்போது முனகியது, இறக்கிவிட்டுக் காலியாகப் போகும்போது ஓசையில்லாமல் போனது. சட்டென்று விளங்கியது. நானும் ஒல்லிப் பிஜுவும் கிட்டத்தட்ட வெறும் வண்டியைத்தான் ஓட்டிப் பார்த்துக்கொண்டிருந்தோம். லிஃப்டில் தூக்கினால் சக்கரம் தொங்கும். தொங்குகிற சக்கரம் என்ன பேசும்? வெறும் வண்டியில் எந்தக் கோளாறும் தெரியாது. பாரம் ஏறினால்தான் எது தேய்ந்திருக்கிறது என்று தெரியும். இதை நான் காரைப் பற்றி மட்டும் சொல்லவில்லை.

ஆக, இடது சீட்டில் பாரம் வேண்டும். பகவதி ஏற மாட்டாள். மூட்டை ஏறும்.

ஒரு சாக்கு அரிசியைத் தூக்கித் தோளில் வைத்தேன். எழுபதைத் தொடப்போகிற தோள். இன்னும் தாங்குகிறது. காருக்கு இரண்டடி இருக்கும்போது சசி வந்து நின்றார். சுமட்டுத் தொழிலாளிகளின் தலைவர். இந்த ஊரில் சரக்கை ஏற்றுவதும் இறக்குவதும் அவர்கள் உரிமை. கடை உனதாக இருக்கலாம், அரிசி உனதாக இருக்கலாம், தோள் அவர்களுடையது.

"அண்ணாச்சி, ஈ மூட்டை எவிடேக்கு?"

"எங்கயும் இல்ல. சும்மா ஒரு ரவுண்டு."

"மூட்டைக்கோ?"

"மூட்டைக்குத்தான்."

சசி மூட்டையைத் தட்டிப் பார்த்தார். "ரவுண்டு போறது உங்க இஷ்டம். ஏத்துறதும் இறக்குறதும் நம்ம ஆளாணு."

நானும் ஒரு காலத்தில் சுமந்தவன் என்று சொல்லிப் பார்த்தேன். "அன்னு நீங்க தொழிலாளி. இன்னு முதலாளி" என்றார். இந்தப் பக்கத்தில் வாராவாரம் நானே எழுதுவதுதான் அது. அவருடைய ஆட்கள் இரண்டு பேர் வந்து மூட்டையைக் குழந்தைபோல சீட்டில் உட்கார வைத்தார்கள். "பெல்ட் இடணும் அண்ணாச்சி. காக்கிச் சட்டை பிடிக்கும்" என்று ஒருவர் சொன்னார். எல்லாரும் சிரித்தார்கள். நான் சிரிக்காமல் பெல்ட் போட்டேன். மூட்டை சாயாமல் இருக்க அது தேவைதான்.

அப்படித்தான் கிள்ளிப்பாலம் சிக்னலில் அந்த ஆட்டோக்காரர் என்னைப் பார்த்தது.

ஐம்பது கிலோ மூட்டை. பிஜுவின் ஒர்க்ஷாப் வரை போனேன். சத்தம் இல்லை. பிஜு முகத்தில் 'அண்ணாச்சிக்கு என்னமோ ஆகிவிட்டது' என்று எழுதியிருந்தது. திரும்பி வந்தேன். சசியின் ஆட்களைக் கூப்பிட்டு, மேலே இன்னொரு இருபத்தைந்து கிலோ சிப்பத்தை வைக்கச் சொன்னேன். மறுபடி பாப்பனம்கோடு. ஒர்க்ஷாப் வாசலில் இருக்கும் அந்தப் பழைய பள்ளம் வந்தது...

டொங்.

என் வாழ்க்கையில் இவ்வளவு சந்தோஷமாக நான் அந்தச் சத்தத்தைக் கேட்டதில்லை. பிஜு ஓடி வந்தான். இடது பின் ஷாக் அப்சார்பரின் மேலே ஒரு ரப்பர் உறை இருக்கும்; அதை உருட்டிக் கீழே இறக்கினான். உள்ளே ஒரு ஸ்டாப்பர் ரப்பர் இருக்க வேண்டும். ஷாக் முழுசாக அமுங்கும்போது இரும்பு இரும்பில் இடிக்காமல் தடுப்பது அதுதான். உறையைத் திறந்ததும் கறுப்புப் பொடி கொட்டியது. மிளகுத் தூள் மாதிரி. இருபது வருஷத்தில் ரப்பர் உளுத்துப் போயிருக்கிறது. ஷாக்கும் தளர்ந்திருக்கிறது. பாரம் குறைவாக இருந்தால் அந்த அளவுக்கு அமுங்காது. பாரம் கூடினால் இடிக்கும்.

"கிட்டியது அண்ணாச்சி" என்றான் பிஜு. "ஐம்பதில் இல்லா. எழுபத்தஞ்சில் உண்டு."

சொல்லிவிட்டு நிறுத்திக்கொண்டான். நாங்கள் இரண்டு பேரும் ஒரே கணக்கைத்தான் மனதில் போட்டோம். ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை.

ஒரு சாக்கைப் பார்த்தாலே எடை சொல்வேன். ஓர் ஆளைப் பார்த்தாலும் சொல்வேன். பகவதியை மட்டும் அந்தக் கண்ணால் பார்த்ததே கிடையாது. வியாபாரத்தை வீட்டுக்குள் கொண்டுபோகக் கூடாது என்பது என் கொள்கை.

"சேச்சியிடம் நீங்க பறயுமோ?" என்றான் பிஜு.

"நீ சொல்லு. நீதானே மெக்கானிக்கு?"

"எனக்குப் பிள்ளைங்க சின்னதாணு அண்ணாச்சி."

புது ரப்பரும் ஷாக்கும் வெளிநாட்டிலிருந்து கொச்சிக்கு வந்து, கொச்சியிலிருந்து இங்கே வர வேண்டும். ஞாயிற்றுக்கிழமைக்குள் வராது. லாரி ரப்பரை வெட்டி வைக்கலாமா என்றேன். "வண்டி தவளை மாதிரி சாடும்" என்றான். சரி. பாரத்தைத் தாங்க வைக்க முடியாது. பாரத்தைக் குறைக்கலாம் அல்லவா? சீட்டில் இருப்பதைக் குறைக்கச் சொல்லும் தைரியம் எனக்கு இல்லை. டிக்கியில் இருப்பதைக் குறைக்க யாரைக் கேட்க வேண்டும்?

ஸ்டெப்னி, ஜாக்கி, டூல்ஸ் பெட்டி, தண்ணீர் கேன் எல்லாவற்றையும் எடுத்துக் குடோனில் மல்லி மூட்டைகளுக்குப் பின்னால் ஒளித்தேன். எழுபத்தைந்து கிலோவோடு மறுபடி அதே பள்ளத்தில் இறக்கினேன்.

சத்தம் இல்லை. படித்தவர்கள் இதற்கு ஒரு பேர் வைத்திருப்பார்கள். நான் வியாபாரம் என்று சொல்வேன்.

அன்று சாயந்திரம் பகவதி சந்தேகத்தோடுதான் உட்கார்ந்தாள். சங்குமுகம் வரை போய் வந்தோம். ஒரு சின்ன முனகல்கூட இல்லை.

"பிஜு என்ன மாத்துனாரு?"

"தேவையில்லாதத எடுத்தாரு."

"என்னத்த?"

"அதெல்லாம் டெக்னிக்கல்."

என்னை ஒரு நிமிஷம் பார்த்தாள். வீட்டுக்குப் போனதும் சுயம்புவுக்குப் போன் பண்ணி, "நீ போ தம்பி, நான் அத்தான்கூட வாறேன்" என்றாள். நான் அடுத்த அறையில் நின்று கேட்டேன். அன்று இரண்டு தோசை கூடுதலாகச் சாப்பிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை. ஸ்டெப்னி இல்லாமல் நாகர்கோவில் வரை. பஞ்சர் ஆகவில்லை, என் ராசி அப்படி. புது வீட்டு வாசலில் பாதி சொந்தம் நின்றது. நான் இறங்கினேன். சுற்றி வந்து கதவைத் திறந்தேன். பகவதி பட்டுப்புடவையோடு இறங்கினாள். சுயம்புவின் வெள்ளைக் கார் ஓரமாக நின்றது. ஒருவரும் அதைப் பார்க்கவில்லை.

பால் பொங்கியது. சாப்பாடு நடந்தது. பந்தியில் என் இரண்டு பக்கமும் உட்கார்ந்தவர்களுக்கு, பிஜுவால் முடியாததை நான் எப்படிக் கண்டுபிடித்தேன் என்று விளக்கினேன். மூட்டை விஷயத்தை மட்டும் விட்டுவிட்டு. காது, அனுபவம் என்று பொதுவாகச் சொன்னேன். "இப்ப துளி சத்தம் கிடையாது. பேட்டரி கார் தோத்துப்போகும்" என்று சுயம்பு காதில் விழும்படி சொன்னேன்.

அங்கேதான் தப்பு. நாகர்கோவில் பக்கம் விசேஷ வீட்டிலிருந்து வெறுங்கையோடு யாரையாவது அனுப்புவார்களா? இதை நான் எப்படி மறந்தேன்? பகவதியின் அக்கா வீட்டுப் பின்னால் வாழைத்தோட்டம். நான் வெற்றிலை போட்டு முடித்து வருவதற்குள் என் டிக்கி நிறைந்திருந்தது. ஏத்தங்குலை, அதாவது நேந்திரன் வாழைத்தார், இரண்டு. ஒரு பெரிய சக்கை, முழுப் பலாப்பழம். போதாததற்கு ஒரு கட்டு மரச்சீனிக் கிழங்கு.

பகவதி உட்கார்ந்தாள். எல்லாரும் வழியனுப்ப வாசலுக்கு வந்தார்கள். வண்டியை எடுத்தேன். கேட்டைத் தாண்டினால் சிமென்ட் சரிவு...

டொங்.

சத்தம் என்றால் சத்தம். பந்தல்காரன் திரும்பிப் பார்த்தான்.

சுயம்பு பையப் பைய நடந்து வந்தான். "அத்தான், கேட்டுதே" என்றான்.

"ரெண்டு வாழக்கொலைக்கே இப்படியா?" என்றார் ஒரு பெரியவர்.

"பழைய வண்டில்லா. வித்துரலாமே அத்தான்" என்றான் சுயம்பு.

பதில் என் நாக்கு நுனியில் இருந்தது. குலையால் இல்லை, சக்கையால் இல்லை. இடது சீட்டில் ஏற்கெனவே எழுபத்தைந்து இருக்கிறது, அதற்கு மேல்தான் தாங்கவில்லை என்று ஒரு வாக்கியம் சொன்னால் போதும். கார் தப்பிக்கும். நான் தப்பிப்பேன். இத்தனை வருஷம் பேசியே பிழைத்தவன். யார் என்ன கேட்டாலும் பத்து மடங்கு பதில் வைத்திருப்பவன்.

வாயை மூடிக்கொண்டேன். துண்டை எடுத்து ஸ்டியரிங்கைத் துடைத்தேன். பழைய வண்டியாகவே இருந்துவிட்டுப் போகட்டும்.

பெல்ட்டைக் கழற்றும் சத்தம் கேட்டது. பகவதி கதவைத் திறந்து இறங்கினாள். அந்தக் காரிலிருந்து எழுந்து நிற்க அவளுக்குக் கொஞ்ச நேரம் ஆகும். அதுவரை எல்லாரும் காத்திருந்தார்கள்.

"லே சுயம்பு, வண்டியச் சொல்லாத. வண்டி நல்லாத்தான் இருக்கு. பின்னால ஒரு ரப்பர் பொடிஞ்சு போச்சு. புதுசு வந்துக்கிட்டு இருக்கு. அதுவரைக்கும் நானோ, இந்தக் கொலையும் சக்கையுமோ, ஒண்ணுதான் ஏற முடியும். ரெண்டும் ஏறினா தட்டத்தான் செய்யும்."

நான் அவளையே பார்த்தேன். "உனக்கு எப்படி..."

"சசிக்க பெண்டாட்டி அன்னைக்கே வந்து மூட்டக் கதையச் சொல்லியாச்சு. மிச்சத்த பிஜுட்ட மெரட்டிக் கேட்டேன். ஊருல எல்லாருக்கும் தெரியும், நீங்க எனக்கு மட்டும் ஒளிச்சு வச்சிருக்கிய." பிறகு கூட்டத்தைப் பார்த்துச் சொன்னாள்: "எழுபத்தஞ்சு இல்ல, எழுபத்திரண்டு. மூட்டை சொன்னத நம்பாண்டாம்."

பெண்கள் பக்கம் ஒரே சிரிப்பு. அவளுடைய அக்கா சிரித்து, கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"மூட்டைக்கு பெல்ட் போட்டு ஊரெல்லாம் சுத்திக் காட்டியிருக்கிய. எனக்கு என்னைக்காவது போட்டு விட்டிருக்கியளா?"

அவள் உட்கார்ந்தாள். நான் இறங்கிப் போய், அத்தனை பேர் முன்னாலும் பெல்ட்டை இழுத்துப் போட்டுவிட்டேன். கொஞ்சம் கூடுதலாக இழுக்க வேண்டியிருந்தது. இதை எழுதக் கூடாது. எழுதிவிட்டேன்.

"சுயம்பு, சாமானெல்லாம் உன் வண்டில ஏத்து. நாளைக்கு வீட்டுல கொண்டு தா. நான் இதுலதான் போறேன்" என்றாள் பகவதி. சுயம்பு சக்கையைத் தூக்கினான். வெள்ளைச் சட்டையில் சக்கைப் பால் ஒட்டியது. நான் பார்க்காததுபோல இருந்தேன். நன்றாகவே பார்த்தேன்.

போன வாரம் ரப்பர் வந்தது. பிஜு இரண்டு பக்கமும் ஷாக் மாற்றிவிட்டான். ஸ்டெப்னி குடோனிலிருந்து டிக்கிக்குத் திரும்பியது. கார் முழுக்க மல்லி வாசனை. இப்போது எந்தப் பள்ளத்தில் இறக்கினாலும் மூச்சுக் காட்டுவதில்லை.

சத்தம் நின்ற பிறகுதான் பக்கத்து சீட்டின் பேச்சு முழுசாகக் காதில் விழுகிறது... சங்குமுகம் வரை பகவதி ஒருநாளும் பேசாமல் வந்ததே இல்லை.